ஹால் டிவிக்கு ஒரு சினிமாக் கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹாலில் 43 அங்குல 4கே டிவி இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்த படங்களை டிவியின் யுஎஸ்பியில் நேராகச் செருகினால் சில படங்களுக்குச் சத்தம் வருவதில்லை, சில படங்கள் திறப்பதே இல்லை. இதற்கென்று ஒரு கணினியை நானே அசெம்பிள் செய்ய ஆசை. இதுவரை கேபினட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. என்ன வாங்க வேண்டும், எப்படித் தொடங்குவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: சத்தம் வராத படங்களில் ஒலி பெரும்பாலும் டிடிஎஸ் முறையில் பதிந்திருக்கும். பல டிவிகளில் அதற்கான உரிமம் இல்லாததால் படம் ஓடும், பேச்சு வராது. திறக்காத படங்களின் கோடெக் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் முறை) டிவியின் சிப்புக்குத் தெரியாது. கணினியில் இந்த இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும்.

படம் பார்க்கும் கணினிக்குப் பெரிய வேகம் தேவைப்படாது. சுருக்கிப் பதிந்த வீடியோவை விரிப்பதற்கென்றே ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. உங்கள் படத்தின் கோடெக் அந்தச் சுற்றுக்குத் தெரிந்தால் 4கே படம்கூட அலுங்காமல் ஓடும். தெரியாவிட்டால் ப்ராசஸரின் எல்லா கோர்களும் அந்த வேலையைத் தலையில் சுமக்கும். ஃபேன் இரையும், படம் திக்கும். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது ஹெச்இவிசி 10 பிட், விபி9, ஏவி1 ஆகிய மூன்று கோடெக்குகளையும் இந்த ப்ராசஸர் ஹார்டுவேரிலேயே விரிக்குமா என்பதுதான். இன்டெலில் முதல் இரண்டும் 7ஆம் தலைமுறையில் ஒழுங்காக வந்தன, ஏவி1 வந்தது 11ஆம் தலைமுறையில். ஏஎம்டியில் பலர் விரும்பி வாங்கும் ரைசன் 5 5600ஜி நல்ல ப்ராசஸர்தான், ஆனால் ஏவி1 சுற்று அதில் கிடையாது.

ஸ்க்ரூடிரைவர் பிடிக்க விருப்பமில்லாதவர்கள் இன்டெல் என்100 போட்ட மினி பிசி ஒன்றை வாங்கினால் போதும். 6 வாட் வகை ப்ராசஸர், மேலே சொன்ன மூன்று கோடெக்கும் தெரியும். நீங்கள் அசெம்பிள் செய்யவே விரும்புவதால் ஒரு பட்டியல் தருகிறேன். இன்டெல் கோர் ஐ3 12100. ஹெச்610 சிப்செட் உள்ள சிறிய மதர்போர்டு. 8 ஜிபி ரேம். 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. நல்ல நிறுவனத்தின் 450 வாட் பவர் சப்ளை. போர்டின் அளவுக்கேற்ற கேபினட். ப்ராசஸருடன் பெட்டியிலேயே வரும் கூலர் போதும். கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்.

இந்தப் பட்டியலில் மூன்று இடங்களில் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, சற்று விலை குறைவாக 12100எஃப் என்று ஒன்று கிடைக்கும். கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸே இல்லை என்று பொருள். டிவியில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. இரண்டு, ஹெச்610 போர்டுகளில் டிடிஆர்4 ரேம் ஏற்பவையும் உண்டு, டிடிஆர்5 ரேம் ஏற்பவையும் உண்டு. ஒன்றுக்கு வாங்கிய ரேம் மற்றதில் உட்காராது. மூன்று, விலை குறைந்த சில போர்டுகளில் ஹெச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும். அதில் 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் போகாது. ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்கு மேல் என்று போர்டின் விவரப் பக்கத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அசெம்பிள் செய்யும் வேலையில் பாதியை போர்டு கேபினட்டுக்குள் போகும் முன்பே முடித்துவிடலாம். போர்டை அதன் அட்டைப் பெட்டி மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, ப்ராசஸரின் மூலையிலுள்ள சின்ன முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள். சாக்கெட்டுக்குள் தெரியும் மெல்லிய பின்களில் விரல் படவே கூடாது. ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். நெம்புகோலைக் கீழே இறக்கும்போது கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். கொஞ்சம் பலமாகத்தான் அழுத்த வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம். ரேமை இரு முனையிலும் ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிப் படுக்க வைத்து ஒற்றை ஸ்க்ரூவால் இறுக்குங்கள். கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், அதைத் துடைத்துவிடாதீர்கள். கூலரின் நான்கு கால்களையும் குறுக்குக் குறுக்காக அழுத்திப் பூட்டியபின் போர்டைத் திருப்பி, நான்கு முனைகளும் மறுபக்கம் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் பாதியில் நின்றிருந்தாலும் ப்ராசஸர் கொதிக்கும்.

பிறகு கேபினட். போர்டின் துளைகளுக்கு நேராகப் பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி மிச்சம் இருந்தால் அது போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும், கழற்றிவிடுங்கள். பவர் சப்ளையிலிருந்து இரண்டு இணைப்புகள் கட்டாயம்: அகலமான 24 பின், ப்ராசஸருக்கு அருகே மூலையில் 8 பின் (சில போர்டுகளில் 4 பின்). இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டிவிட்டேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, டிவியில் ‘நோ சிக்னல்’. எதை மாற்றிப் பார்ப்பது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதன்பிறகும் படம் வராவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூலையிலுள்ள 8 பின் இணைப்பைப் பாருங்கள். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், ப்ராசஸர் எழாது. அடுத்து ரேமைக் கழற்றி மறுபடி அழுத்துங்கள். நாம் கேள்விப்படும் ‘நோ சிக்னல்’ புகார்களில் இந்த இரண்டே பெரும்பாலானவை. மிச்சம் இருப்பவை: ப்ராசஸர் எஃப் வகையாக இருப்பது, டிவியில் வேறு ஹெச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பது, நீளமான மலிவு கேபிள். சோதனைக்கு 1.5 மீட்டர் கேபிளே போதும்.

கேள்வி: விண்டோஸ் போடலாமா, வேறு ஏதாவதா? நெட்ஃபிளிக்ஸ் 4கேயில் வருமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சொந்தப் படங்கள் மட்டும் என்றால் லிப்ரெஎலெக். கோடி என்ற மீடியா பிளேயரை மட்டுமே ஓட்டுவதற்காகச் செதுக்கிய சின்ன லினக்ஸ் இது. ஆன் செய்தால் நேராகப் படப் பட்டியலில்தான் நிற்கும். வீட்டில் யாரும் மவுஸைத் தேட வேண்டாம். லிப்ரெஎலெக் தளம் தரும் கருவியில் ‘ஜெனரிக்’ வகையைத் தேர்ந்தெடுத்து 4 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள், பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ‘செக்யூர் பூட்’ என்பதை அணையுங்கள், பென் டிரைவிலிருந்து பூட் செய்து எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். பத்து நிமிட வேலை.

நிறுவும்போது படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க் கணினியில் செருகியிருக்கவே கூடாது. நிறுவும் நிரல் தேர்ந்தெடுத்த டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுதும். பட்டியலில் இரண்டு டிஸ்க் தெரிந்து, தவறானதில் என்டர் தட்டினால் பல ஆண்டுச் சேமிப்பு போய்விடும். கேபிளையே கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றை இந்தக் கணினியில் பார்க்க முயலாதீர்கள். லினக்ஸில் அவற்றின் நகல் தடுப்புப் பூட்டு மென்பொருள் நிலையில்தான் இயங்கும் என்பதால் 4கே கொடுக்கமாட்டார்கள். விண்டோஸில் எட்ஜ் வழியாகவோ அவர்களது ஆப் வழியாகவோ 4கே வரும், ஆனால் டிவி, கேபிள், கிராஃபிக்ஸ் எல்லாமே ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறைக்கு ஒத்துவர வேண்டும். டிவியிலேயே இருக்கும் ஆப்பில் அதே படம் ஒரு பட்டனில் 4கேயாக வருகிறது. சந்தாப் படங்களை டிவிக்கும் சொந்தப் படங்களைக் கணினிக்கும் விட்டுவிட்டால் இரண்டும் நன்றாக ஓடும்.

கேள்வி: புதிய கணினிதான். ஆனாலும் காட்சியில் கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும்போது படம் லேசாகத் திக்கித் திக்கி நகர்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். காரணம் வேகக்குறைவு அல்ல, கணக்குப் பொருந்தாமை. சினிமா நொடிக்கு 24 படங்கள் (ஃப்ரேம்கள்). கணினி டிவிக்கு அனுப்புவது நொடிக்கு 60. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைப் படம் காட்ட முடியாது என்பதால் ஒரு படத்தை 2 தடவையும் அடுத்ததை 3 தடவையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒரு படம் திரையில் 33 மில்லி நொடி நிற்கிறது, அடுத்தது 50. ஆட்கள் பேசும் காட்சியில் இது தெரியாது. கோயில் கோபுரத்தின் மேல் கேமரா ஊர்ந்து போகும்போது கண்ணை உறுத்தும்.

கோடியில் செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ் என்று போய் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்’ ஆக்குங்கள். இனி படம் தொடங்கும்போது டிவியே 24க்கு மாறும். மாறும் நொடியில் திரை கறுத்து மீளும். பழுது என்று நினைக்க வேண்டாம். முதல் வசனம் விழுங்கப்பட்டால் சிஸ்டம், டிஸ்ப்ளே பகுதியில் உள்ள இடைநிறுத்த நேரத்தை 3 நொடி வையுங்கள். 4கேயில் மாறவில்லை என்றால் செட்டிங்ஸை எக்ஸ்பர்ட் நிலைக்கு ஏற்றி, அதே சிஸ்டம், டிஸ்ப்ளே பகுதியில் உள்ள ஒயிட்லிஸ்ட்டில் (கோடி பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் ரேட்களின் பட்டியல்) 23.976, 24, 25, 50, 59.94, 60 எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். 25ஐ விடாதீர்கள். நம் ஊர் டிவி நிகழ்ச்சிகளும் பல டிவிடிகளும் 25தான்.

டிவியின் பக்கமும் ஒரு வேலை உண்டு. பல டிவிகளில் ஹெச்டிஎம்ஐ துளைகள் பழைய முறையிலேயே வைக்கப்பட்டிருக்கும். ‘யுஹெச்டி கலர்’, ‘என்ஹான்ஸ்டு’, ‘டீப் கலர்’ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் இருக்கும் அமைப்பை, கணினி செருகிய அந்தத் துளைக்கு ஆன் செய்ய வேண்டும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு கீபோர்டைச் செருகி, படம் ஓடும்போது ‘ஓ’ எழுத்தைத் தட்டுங்கள். திரையில் சின்னப் பெட்டி ஒன்று வரும். வீடியோ டிகோடர் என்ற வரியின் கடைசியில் ‘ஹெச்டபிள்யூ’ என்றிருந்தால் விரிக்கும் வேலையை அந்தத் தனிச் சுற்று செய்கிறது. ‘எஸ்டபிள்யூ’ என்றிருந்தால் ப்ராசஸர் திணறிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோடெக் உங்கள் சிப்புக்குத் தெரியவில்லை, அல்லது பிளேயர் பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங் அணைந்திருக்கிறது. அதே பெட்டியில் படத்தின் எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) இருக்கும். அது 23.976 என்று காட்டி, டிவியின் தகவல் பட்டன் 60 என்று காட்டினால் ரேட் மாறவில்லை. காசு கொடுத்து எதையும் மாற்றும் முன் இந்தப் பெட்டியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: சவுண்ட்பாரை டிவியின் ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ துளை) வழியாக இணைத்திருக்கிறேன். 5.1 படத்திலும் பேச்சு அமுங்கியே கேட்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: கோடியின் ஆடியோ பகுதியில் சேனல்கள் 5.1 என்றிருந்து, டிவி இரண்டையே ஏற்றால் நடுச் சேனலில் இருக்கும் பேச்சு தொலைந்துபோகும். சேனல்களை 2.0 ஆக்குங்கள், ‘பாஸ்த்ரூ’வை (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) ஆன் செய்யுங்கள், டால்பி டிஜிட்டலை டிக் செய்யுங்கள். 2.0 வைத்தால்தான் ‘ஏசி3 டிரான்ஸ்கோடிங்’ என்ற வாய்ப்பே தெரியும் (ஏசி3 என்பது டால்பி டிஜிட்டலின் இன்னொரு பெயர்). அதையும் ஆன் செய்தால் டிடிஎஸ் படங்களும் டால்பியாக மாறிப் போகும். டிவியின் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’வில் விடுங்கள். டால்பியின் உயர்தர ஒலியான ட்ரூஹெச்டி வேண்டுமானால் டிவியிலும் சவுண்ட்பாரிலும் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருக்க வேண்டும். சாதாரண ஏஆர்சி அதைச் சுமக்காது.

கேள்வி: ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது கேபினட்டில் கை பட்டால் சுர்ரென்று இருக்கிறது. டெஸ்டரும் எரிகிறது. ஆபத்தா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இதை அலட்சியமாக விடாதீர்கள். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை எர்த்துக்குக் கடத்தச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஃபேஸிலிருந்து உடம்புத் தகட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகட்டுக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகடு 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், 115 வோல்ட்டில், மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் உணர்வீர்கள். ஆனால் ஹெச்டிஎம்ஐ சிப்புக்கு அது பெரிய அடி. செருகும் நொடியில் அந்தக் கசிவு டேட்டா பின்கள் வழியாகப் பாய்ந்தால் டிவியின் ஹெச்டிஎம்ஐ துளை செத்துப்போகும். சில சமயம் டிவியின் மெயின் போர்டையே மாற்ற வேண்டி வரும்.

முதலில் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் அதை எடுத்துப் போடுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்த பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் அளவை ஒட்டி வர வேண்டும். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எர்த் கம்பியோ எர்த் குழியோ பழுது. எர்த் இல்லாத இடத்தில் பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும், அது உயிரை எடுக்கும்.

சரிசெய்யும்வரை டிவி, கணினி, செட்டாப் பாக்ஸ் மூன்றின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐ செருகுங்கள். பிறகும் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் வைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் நேரத்தில் கேபிள் டிவி, டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் அந்த வயர் வழியாக வருவது நிற்காது.

கேள்வி: 2006இல் எடுத்த கல்யாண வீடியோ 3 டிவிடிகளில் இருக்கிறது. கணினியில் ஏற்றிப் பார்த்தால் ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிகின்றன. டிஸ்க் கெட்டுவிட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கெடவில்லை. அந்தக் காலக் கேமராக்கள் ஒரு படத்தை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று நொடிக்கு 50 பாதிகளாகப் பதிந்தன. இரண்டு பாதிகளையும் ஒரே நேரத்தில் காட்டினால் நகரும் கைக்குப் பல் முளைக்கும். படம் ஓடும்போது கோடியின் வீடியோ செட்டிங்ஸில் டீஇன்டர்லேஸ் முறையை ஆன் செய்து பாருங்கள், மஞ்சள் கயிறு கட்டும் கைகள் வழுக்கிக்கொண்டு நகரும். பிடித்திருந்தால் அங்கேயே ‘எல்லா வீடியோவுக்கும்’ என்று சேமிக்கலாம்.

அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் எழுதிய டிவிடியின் பதிவு ஒரு சாயப் படலத்தில் நிற்கிறது. நம் வெக்கையிலும் ஈரத்திலும் அது மங்கும், அதுவும் பெரும்பாலும் வெளி ஓரத்திலிருந்து. அதாவது வீடியோவின் கடைசிப் பகுதி முதலில் போகும். இந்த வாரமே நகலெடுங்கள். மேக்எம்கேவி என்ற மென்பொருள் தரத்தைத் துளியும் குறைக்காமல் ஒரே கோப்பாக எடுத்துத் தரும். சாதாரண ஒற்றை அடுக்கு டிஸ்க் என்றால் அதிகம் போனால் 4.7 ஜிபி. படிக்கத் திணறினால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் போக்கிலேயே விழும். அப்போதும் முடியாவிட்டால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது சகஜம். கோப்பு தயாரானதும் ஒரு நகலை உறவினர் வீட்டு டிஸ்க்கிலும் போட்டு வையுங்கள். படத்தை 16:9க்கு இழுக்காதீர்கள், இரு பக்கமும் கறுப்பு இருக்கட்டும். இழுத்தால் மணமக்கள் முகம் அகலமாகிவிடும்.

கேள்வி: கோடியின் படப் பட்டியலில் ரஜினியின் ‘பில்லா’வுக்கு அஜித் போஸ்டர் வருகிறது. தமிழில் பெயர் மாற்றினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒன்று 1980, இன்னொன்று 2007. கோப்பின் பெயரில் ஆண்டு இல்லாவிட்டால் கோடிக்கு எது என்று தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், அதன் பெயர் ஆங்கில எழுத்தில் படப்பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் ஆண்டு. கட்டங்கள் வருவது எழுத்துரு இல்லாததால். இன்டர்ஃபேஸ், ஸ்கின் பகுதியில் ஃபான்ட்டை ‘ஏரியல் பேஸ்டு’ ஆக்குங்கள். சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ஏர் மவுஸ் ரிமோட் மூன்றடிக்கு மேல் வேலை செய்வதில்லை. பேட்டரி புதிது.
– வாசகர், கடலூர்

பதில்: ரிசீவரை நீல நிற யுஎஸ்பி துளையில், ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருப்பீர்கள். யுஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது, ரிமோட்டும் அதே அலைவரிசைதான். ரிசீவரை ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு டிவிக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள், ஹாலின் மறுமுனையிலிருந்தும் வேலை செய்யும். வைஃபை 2.4இல் இருந்து படம் நின்று நின்று வந்தால் அதற்கும் இதே காரணம் இருக்கலாம்.

கேள்வி: இரவும் பகலும் ஆனிலேயே விடலாமா? கரண்ட் பில் எகிறுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: சும்மா இருக்கும்போது 10 வாட் எடுக்கும் மினி பிசி என்றால் இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட். 50 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 72 யூனிட், தமிழ்நாட்டு வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் நல்ல பங்கு அதிலேயே போய்விடும். அணைப்பதற்குப் பதில் ‘சஸ்பெண்ட்’ செய்யுங்கள். பயாஸில் இஆர்பி என்ற மின்சேமிப்பு அமைப்பை அணைத்து, யுஎஸ்பி வேக் என்பதை ஆன் செய்தால் ரிமோட்டே எழுப்பும். கதவு போட்ட ஷோகேஸுக்குள் மட்டும் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் மூடிய அலமாரிக்குள் ஃபேன் இழுப்பது தான் கக்கிய சூட்டையேதான். பின்பலகையில் கையளவு ஓட்டை போட்டு, சுற்றிலும் 10 செ.மீ. இடம் விடுங்கள்.